எட்டாம் தசம இடத்துத் தகராறு

2021 ஏப்ரல் 7 அன்று, சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகம் மியூவான் என்ற துகளின் காந்தத்தன்மை பற்றிய தன் முதல் அளவீட்டை வெளியிட்டது. கோட்பாடு தந்த எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை. புதிய விசை ஒன்று தலைகாட்டிவிட்டதாகச் செய்திகள் பரபரத்தன. அதே நாளில் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு கோட்பாட்டுக் கணக்கு வந்தது. அதன்படி பார்த்தால் வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடும். தலைப்புகளைப் பிடித்தது முதல் செய்திதான்.

துகள் இயற்பியலைப் பொது வாசகருக்கு எழுதுகிறவர்கள் கோட்பாட்டை ஒரே குரலில் பேசும் ஆளாகவும், சோதனையை அதன் எதிராளியாகவும் காட்டிப் பழகிவிட்டார்கள். கோட்பாட்டு எண் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லாதவரை எந்த உவமையும் வாசகருக்கு உதவாது என்பது என் வாதம். (‘கடவுள் துகள்’ என்ற பெயர் நம் நாளிதழ்களில் பட்ட பாட்டை நினைத்தால், உவமைகளைக் கொஞ்ச காலம் ஒதுக்கியே வைக்கலாம்.) கணிதம் கடினம் என்ற சமாதானமோ பாதிதான் உண்மை.

மியூவானிலேயே பார்க்கலாம். அது எலக்ட்ரானின் உறவுக்காரத் துகள். நிறை சுமார் 207 மடங்கு. ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். அந்தக் காந்தத்தின் வலிமையைக் குறிக்கும் எண் 2 என்பது, 1928இல் இயற்பியலாளர் டிராக் எலக்ட்ரானுக்காக எழுதிய சமன்பாட்டிலிருந்து வருவது. துகள் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்து தானே திரும்ப விழுங்குவதையும் 1948இல் ஜூலியன் ஷ்விங்கர் கணக்கில் சேர்த்தார். எண் 2ஐச் சற்றே தாண்டியது. தாண்டியதில் பாதி எவ்வளவு என்பதுதான் இன்றுவரை நடக்கும் ஆராய்ச்சி.

அந்தப் பாதிக்கு ஷ்விங்கர் கண்ட விடையைப் பார்க்கக் கைபேசியில் கால்குலேட்டரைத் திறவுங்கள். 1ஐ 137ஆல் வகுத்து, வந்ததை 6.283ஆல் வகுங்கள். 137 மின்காந்த விசையின் வலிமையிலிருந்து வருவது, 6.283 என்பது பையின் இருமடங்கு. விடை 0.00116. அளந்த மதிப்பு 0.00116592. பத்தாம் வகுப்பு மாணவர் அரை நிமிடத்தில் போடும் வகுத்தல் முதல் மூன்று இலக்கங்களைத் தந்துவிடுகிறது! ஷ்விங்கரின் கல்லறையில் அவர் பெயருக்கு மேலே பொறிக்கப்பட்டிருப்பதும் இந்த வகுத்தல்தான்.

தகராறு எட்டாம் தசம இடத்தில். 2020இல் கோட்பாட்டாளர்கள் கூடி ஏற்ற மதிப்பு 0.00116591810, 2021இல் அளவீடுகளின் சராசரி 0.00116592061. சிக்கல் குவார்க்குகள் என்ற துகள்களால் வருகிறது. மியூவானைச் சுற்றி அவை கணநேரம் தோன்றி மறைவதன் விளைவைத் தாளில் எழுதித் தீர்க்க முடியாது. எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்ட சோதனைத் தரவுகளிலிருந்து அதை வருவிப்பது ஒரு வழி; 2020இன் மதிப்பு இப்படி வந்தது. ஆக, ‘கோட்பாடு’ என்று செய்திகள் சொன்னதற்குள்ளேயே பழைய சோதனைகள் இருந்தன. இடத்தையும் காலத்தையும் கட்டம் போட்ட தாளைப் போலப் பிரித்து, மீத்திறன் கணினியில் நேரடியாகக் கணக்கிடுவது மற்ற வழி. ‘நேச்சர்’ கட்டுரை அந்த வகை.

இலக்கங்களைக் கண்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பார்கள். தங்கம் கிராமுக்கு எவ்வளவு ஏறியது, செய்கூலி சேதாரம் எத்தனை சதவீதம் என்று துல்லியமாகக் கேட்கும் வாசகரைப் பற்றியா இப்படிச் சொல்கிறார்கள்? எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அவர் தொடர்ந்து படிப்பார். 2021இல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: கோட்பாட்டாளர்களுக்குள்ளேயே இரண்டு விடைகள் இருக்கின்றன.

2025 மே மாதம் கோட்பாட்டாளர்கள் கட்ட முறைக்கு மாறி 0.00116592033 என்ற மதிப்பை வெளியிட்டார்கள். ஜூனில் ஃபெர்மி ஆய்வகத்தின் இறுதி அளவீடு வந்தது: 0.001165920705. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க முரண் இல்லை. ஆனால் மோதல் தரவுகளில், 2023இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கிலிருந்து வந்த முடிவு முந்தைய சோதனைகளோடு பொருந்தவில்லை. ஏன் என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.