அண்ணன் முடிக்கட்டும், தம்பிகள் காத்திருக்கட்டும்

"10 ஆட்கள் 6 நாளில் கட்டும் சுவரை 20 ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்?" கணக்கு வாத்தியாராக இதை எத்தனை வகுப்புகளில் கேட்டிருப்பேனோ! விடை 3. ஆனால் இந்தக் கணக்கு செல்லாத இடம் ஒன்று உண்டு: கணினி செஸ்.

செஸ்ஸில் ஒரு நிலையில் சுமார் 35 நகர்த்தல்கள் சாத்தியம். இருவரும் ஆளுக்கு இரண்டு முறை ஆடினாலே 35ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும்: 15,00,625 நிலைகள். இதற்கு ஆல்ஃபா-பீட்டா என்றொரு குறுக்குவழி. முதல் நகர்த்தலை ஆராய்ந்தால் ஆட்டம் சமம். இரண்டாவதில் எதிராளி நம் ராணியை வெட்டிவிடுவார் என்று தெரிந்ததுமே அதைக் கைவிடலாம்; அவருடைய மற்ற பதில்களைப் பார்க்கவே வேண்டாம். நல்ல நகர்த்தல் எப்போதும் முதலில் வந்தால், 1975இல் க்னூத்தும் மூரும் ஆராய்ந்து சொன்ன சூத்திரப்படி 2,449 நிலைகளே போதும்!

சிக்கலும் இங்கேதான். முதலாவதன் விடை கிடைத்தால்தான் இரண்டாவதில் எதை விடலாம் என்று தெரியும். இரண்டையும் இரு பிராசஸர்களிடம் ஒரே நேரத்தில் கொடுத்தால், இரண்டாவது வீண்வேலை செய்யும். காத்திருக்கச் சொன்னாலோ சும்மா உட்கார்ந்திருக்கும்.

1983இல் நியூயார்க்கில் ராபர்ட் ஹயட் குழுவின் 'க்ரே பிளிட்ஸ்' இரண்டு பிராசஸர்களுடன் உலகக் கணினி செஸ் பட்டம் வென்றது. பிராசஸர்கள் பெருகப் பெருகத் தலைவலியும் பெருகியது. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் பாடர்போர்னில் ரைனர் ஃபெல்ட்மன் குழு ஒரு விதி வகுத்தது. ஒவ்வொரு நிலையிலும் முதல் நகர்த்தல் அண்ணன், மற்றவை தம்பிகள். அண்ணனை ஆராய்ந்து முடிக்கும்வரை தம்பிகள் காத்திருக்க வேண்டும். பிறகு அவர்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். விதியின் பெயரே 'தம்பிகள் காத்திருக்கட்டும்' என்ற பொருளில்தான்!

1997இல் காஸ்பரோவை 3½–2½ என வென்ற டீப் புளூவில் 480 செஸ் சிப்புகள். நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகள். அங்கேயும் எந்த சிப்புக்கு எதைக் கொடுப்பது என்பதே பெரிய வேலை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2016 ஜனவரியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 7, தம்பிகள் விதியைக் கைவிட்டது. எல்லா பிராசஸர்களும் ஒரே ஆட்டத்தை முதலிலிருந்து தேடுகின்றன, பங்கீடே இல்லை. பொதுவாக ஒரு நினைவக அட்டவணை மட்டும். ஒருவர் கண்டதை அதில் எழுத, மற்றவர் படித்துக்கொள்கிறார். இதன் பெயரிலேயே 'சோம்பேறி' உண்டு. பல பிராசஸர்கள் உள்ள கணினிகளில் அந்தச் சோம்பேறி முறையே கூடுதல் பலம் தந்தது.

கணக்குப் பிள்ளைகளே, வேலையைப் பிரிக்காமலே பகிர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.