ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் சட்டங்களும் நறுமணத் துறையும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் வாசனைத் திரவியம், சோப்பு, முகப்பூச்சு, சலவைத்தூள் ஆகியவற்றில் சேரும் நறுமணப் பொருள்களை மூன்று சட்டங்கள் முதன்மையாகக் கட்டுப்படுத்துகின்றன. அவை 2006ஆம் ஆண்டின் ரீச், 2008ஆம் ஆண்டின் சிஎல்பி, 2009ஆம் ஆண்டின் அழகுசாதனச் சட்டம். 1973இல் தொடங்கிய இஃப்ரா என்னும் பன்னாட்டு நறுமணச் சங்கத்தின் தன்னொழுங்கு விதிகளும் இவற்றோடு நடைமுறையில் உள்ளன.

சட்ட அமைப்பு

ரீச் சட்டப்படி, ஆண்டுக்கு ஒரு டன் அல்லது அதற்கு மேல் தயாரிக்கப்படும் அல்லது இறக்குமதியாகும் வேதிப்பொருள், ஹெல்சின்கியிலுள்ள ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையில் பதிவாக வேண்டும். அதன் பாதுகாப்பைத் தரவுகளால் நிறுவும் பொறுப்பு நிறுவனங்களுடையது. சிஎல்பி, பொருளின் தீங்குத்தன்மையை வகைப்படுத்துகிறது. புற்றுநோய், மரபணுச் சிதைவு, இனப்பெருக்கப் பாதிப்பு ஆகியவற்றை உண்டாக்குவதாக வகைப்படுத்தப்பட்டவற்றை அழகுசாதனச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆகவே வகைப்பாடு மாறினாலே ஒரு மணப்பொருள் சந்தையை விட்டு வெளியேற நேரும்.

தடையான பொருள்கள்

சோப்பு முதல் விலையுயர்ந்த வாசனைத் திரவியம் வரை பரவலாகப் பயன்பட்ட லிலியல், இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என வகைப்படுத்தப்பட்டு, அழகுசாதனங்களில் 2022 மார்ச் 1 முதல் தடையானது. லைரல், அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகிய மூன்றும் தோல் ஒவ்வாமை காரணமாக 2017இல் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அவை கலந்த பொருள்களின் விற்பனை 2021 ஆகஸ்ட் 23உடன் முடிந்தது. பின்னிரண்டும் கருவாலி மரத்தில் படரும் ஓக்மாஸ் என்னும் லைக்கனில் இயற்கையாக உள்ளவை. சீப்ர வகை வாசனைகளுக்கு ஓக்மாஸ்தான் அடித்தளம் என்பதால், அவ்விரு சேர்மங்களும் நீக்கப்பட்ட சாற்றைக் கொண்டு பழைய கலவைகளைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

ஒவ்வாமை அறிவிப்பு

26 ஒவ்வாமைப் பொருள்களின் பெயரை உறையில் அச்சிடும் கடமை 2005இல் நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் அப்பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்தது. புதிய பொருள்களுக்கு 2026 ஜூலை 31, ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 எனக் கெடு விதிக்கப்பட்டுள்ளது. தோலில் தங்கும் பொருளில் 0.001 விழுக்காட்டையும், கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டையும் தாண்டினால் அறிவிப்பு கட்டாயம். ஒவ்வாமை உள்ளவர் தமக்கு ஆகாததை வாங்குமுன்பே அறிய இதுவே வழி.

இயற்கை எண்ணெய்கள்

லாவெண்டர், ரோஜா எண்ணெய்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. மண், மழை, அறுவடைக் காலம் ஆகியவற்றுக்கேற்ப அவற்றின் விகிதம் மாறும். சேர்மங்களைத் தனித்தனியே எடைபோட்டு எண்ணெய் முழுவதையும் மதிப்பிடக் கூடாது என்று பிரான்சின் லாவெண்டர் விவசாயிகள் எதிர்த்தனர். சிஎல்பியின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம், வேதிமாற்றம் செய்யப்படாத தாவரச் சாறுகளுக்குத் தற்காலிக விலக்கு அளித்து, பின்னர் மீளாய்வு செய்ய வகைசெய்தது. இயற்கையில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. லிமோனீனும் லினலூலும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறும்.

நிலைத்தன்மைக் கொள்கை

2019ஆம் ஆண்டின் பசுமை ஒப்பந்தமும் 2020ஆம் ஆண்டின் வேதிப்பொருள் உத்தியும் உடல்நலத்தோடு நீரையும் மண்ணையும் கணக்கில் கொண்டன. சுற்றுச்சூழலில் சிதையாமல் உயிர்களில் சேரும் தன்மைக்காக, மஸ்க் சைலீன் என்னும் மணப்பொருள் அதற்கு முன்பே, 2014 முதல், முன் அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாததாயிற்று. துணி மென்மையூட்டியில் மணத்தைத் தேக்கிவைக்கும் நுண்நெகிழி உறைகளைக் கைவிட 2029 அக்டோபர் வரை அவகாசம் உள்ளது. அதற்குள் மக்கும் உறைகளை உருவாக்கும் முயற்சி நடக்கிறது.

தாக்கம்

ஐரோப்பாவுக்கு விற்கும் பிற நாட்டு உற்பத்தியாளர்களும் இவ்விதிகளுக்கு உட்பட வேண்டியுள்ளது. தமிழ்நாட்டிலிருந்து மல்லிகைச் சாறு அனுப்புவோரிடமும் அதன் சேர்மப் பகுப்பாய்வை இறக்குமதியாளர் கேட்கிறார். பரிசோதனை, பதிவு, மறுகலவை ஆகியவற்றின் செலவைப் பெருநிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும். சிறு வடிப்பாலைகளுக்கு அது பெரும்பாரம். நுகர்வோருக்குக் கிடைத்த பாதுகாப்பைக் குறைக்காமல் இச்சிறு உற்பத்தியாளர்களுக்குத் தொழில்நுட்ப உதவி அளிப்பதே இக்கொள்கை எதிர்கொள்ளும் முக்கியப் பணி.