ஜில்லே, பியர்

பெல்ஜியத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி, பொறியாளர். தொழில்திறனோடு தமிழகக் கடற்கரைக்கு வந்து, 1970களிலும் 80களிலும் குமரி மாவட்டம் முட்டத்தில் மீனவர்களுக்கான படகு வடிவமைப்பில் ஈடுபட்டார். கட்டுமரத்துக்கு ஏற்ற இலேசான தடிகள் அருகி, விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மாற்றாக வந்தது ஒட்டுப்பலகைப் படகு: பலகைகளை வடிவுக்கு வெட்டி, விளிம்பில் துளையிட்டுக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு அடைப்பார்கள். சீறும் அலையைக் கடந்து கடலுக்குள் போகவும், திரும்பி மணலில் ஏறவும் அது தாங்கவேண்டும். மீனவர் ஏற்கும்வரை வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இத்தகைய படகுகளைப் பரவலாக்கியது. 1985இல் வெளிவந்த ஜில்லேயின் நூலுக்கு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’ என்று பெயர். பொருளியலாளர் சூமாகரின் 1973ஆம் ஆண்டு நூலான ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’லுக்குக் குறும்பான பதில்.

இராமநாதபுரத்தில் கதை வேறு. பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு. வாடைக்காலம் தவிர அலையும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் வல்லங்கள் கரையை ஒட்டியே நங்கூரமிட்டு நிற்கும். அலை தாண்டும் படகுக்கு அங்கே அத்தனை அவசரம் இல்லை.