தாராவியில் எண்பது மருந்துச் சீட்டுகள்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்க்குக் காசநோய் என்னும் சொல் புதிதன்று. நம் பாட்டனார் காலத்தில் அச்சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கும். இன்றோ, மருந்து உண்டு என்று ஆறுதல் கொள்கிறோம். அம்மருந்தின் வலிமை ஏன் குன்றுகிறது என்பதே நமது பேச்சின் பொருள்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வாக்ஸ்மன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும், 1948-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, அதனை மட்டும் பெற்ற பலரிடம் சில மாதங்களிலேயே கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்பதைக் காட்டிற்று. கோடிக்கணக்கான கிருமிகளிடையே மருந்துக்கு மடியாதவை சில இருக்கும். மற்றவை மடிந்தபின் அவையே பெருகும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்கு இரையாகும். இதுவே அன்று கற்ற பாடம்.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நிலையம், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவ விடுதியிலும், மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. ஏழைக்கும் இது இயலும் என்று உலகம் அறிந்தது. ஆனால் அங்கே மாத்திரைகளை எண்ணிப் பார்க்கவும் ஆள் இருந்தார்கள்.

தாராவியிலோ எண்ணுவார் இல்லை. 1991-இல் வெளிவந்த ஆய்வின்படி, அங்கே தனியார் மருத்துவர் 100 பேர் காசநோய்க்கு 80 வகையான மருந்து முறைகளை எழுதினர். 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 106 பேர் 63 வகைகளை எழுதினர். சரியாக எழுதியவர் அறுவரே. 2012-இல், அருகிலுள்ள மாஹிமின் ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், சோதித்த மருந்துகள் அனைத்தையும் எதிர்க்கும் கிருமி நால்வரிடம் இருந்ததாக அறிவித்தனர். அந்நோய்க்கு அவர்கள் இட்ட பெயரை அரசு ஏற்கவில்லை. எனினும் அவ்வாண்டே, காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவித்தல் கட்டாயமாயிற்று. 2014 முதல், குறிப்பிட்ட மருந்துகளை விற்கும் கடைக்காரர் அதனைப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டியதாயிற்று.

மனிதரை மட்டும் கண்காணித்தால் போதாது. 2011-இல், மருந்துகளை முறியடிக்கும் மரபணு ஒன்று தில்லியின் குழாய்நீரிலும் தேங்கிய நீரிலும் காணப்பட்டது. கோழிக்கும் கால்நடைக்கும் கொடுத்துவந்த கோலிஸ்டின் என்னும் மருந்தை 2019-இல் அரசு தடுத்தது. மனிதருக்கு இறுதிப் புகலாகும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. மருத்துவமனை, பண்ணை, சாக்கடை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கவேண்டும் என்பதே 2017-இன் தேசியச் செயல்திட்டத்தின் கருத்து.

நம் பங்கு சிறிது, ஆனால் இன்றியமையாதது. இருமல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திருநெல்வேலிக்கு வண்டி ஏறுகிறவர் நம்மிடையே உண்டு. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து உண்ணவேண்டும். ஊருக்குப் போகுமுன் மருந்தகத்தில் சொன்னால், அங்கேயே அதனைத் தொடர்ந்து பெற வழி செய்வார்கள். எஞ்சிய மாத்திரைகளையும் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் முடிக்காமல் விட்ட மருந்தின் துன்பத்தை, அடுத்த அறையில் உறங்கும் குழந்தை அனுபவிக்க நேரலாம்.