நீலச் சாயமும் பறித்த இலையும்

இதழ்களின் அட்டையில் நாம் காணும் நீலம் பெரும்பாலும் ஒரே வேதிப்பொருளின் நிறம்தான். தாமிர ஃப்தாலோசயனின் என்பது அதன் பெயர். அச்சு மை, பெயின்ட், பிளாஸ்டிக் என எங்கும் கலந்திருக்கும் மலிவான சாயம் அது. கடத்தூர்க் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளிலும் அந்த நீலம் இருக்கக்கூடும். இத்தகைய சாயங்களைக் கொண்டு வெயிலை மின்சாரமாக்க முயன்ற வரலாறு, அறிவியல் படிக்காத நமக்கும் சுவையானது.

இன்று கூரைகளில் நாம் காணும் தகடுகள் சிலிக்கனால் ஆனவை. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் செய்த சிலிக்கன் மின்கலம் தன்மேல் விழுந்த ஒளியில் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. ஆனால் சிலிக்கனைப் பிரித்துத் தூய்மையாக்கக் கடும் வெப்பம் தேவை; தகடும் கனமானது. கார்பன் சேர்மங்களான சாயங்களையும் பாலிமர்களையும் கொண்டு செய்யும் கரிம மின்கலமோ வேறு வகை. அதன் ஒளியை ஈர்க்கும் படலம் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செய்தித்தாளை அச்சிடுவதுபோல் அதை அச்சிட்டுச் சுருட்டிவிடலாம் என்பதே இத்துறையினரின் கனவு.

இந்தக் கனவின் தொடக்கத்தில் ஓர் இலை இருக்கிறது. இலைகள் கரியமில வாயுவை மாவுப்பொருளாக்கும் வழியைக் கண்டறிந்தவர் மெல்வின் கால்வின். அதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றவர். அதற்கு முன்பே, 1958இல், அவரும் டேவிட் கேர்ன்ஸும் மக்னீசிய ஃப்தாலோசயனினைக் கொண்டு ஒளியிலிருந்து மின்னழுத்தம் பெற்றுக் காட்டினர். இலையின் பச்சையத்திலும் நடுவே மக்னீசியமே அமர்ந்திருக்கிறது. சுற்றியுள்ள வளையமும் ஒத்த சாயலுடையது. கிடைத்த அழுத்தம் 200 மில்லிவோல்ட். மின்னோட்டமோ மிக அற்பம்.

ஏன் அற்பம்? சிலிக்கனில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் விடுபட்டுவிடும். கரிமப் பொருளில் அவ்வாறன்று. எலக்ட்ரானும் அது விட்டுவந்த காலியிடமும் ஒன்றையொன்று விடாத சோடியாகவே அலைகின்றன. அச்சோடி பொதுவாகப் பத்து நானோமீட்டர் அளவே நகரும். அதற்குள் வேறொரு பொருளின் எல்லையைத் தொட்டால் பிரியும், இல்லையேல் அழியும். ஆக, ஒளியை முழுதும் வாங்கப் படலம் தடித்திருக்க வேண்டும். சோடி பிரிய அது மெலிந்திருக்க வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே பிற்கால முயற்சிகள் பலவற்றின் உள்ளுறை.

கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், 1986இல் நாம் முதலில் சொன்ன நீலச் சாயத்தின் மீது பெரிலின் என்னும் மற்றொரு சாயத்தின் படலத்தைப் படியவைத்தார். திறன் ஏறக்குறைய 1 விழுக்காடு. எண் சிறிதெனினும் வழி பிறந்தது: ஆற்றல் பிறக்குமிடம் பொருளன்று, இரு பொருள்களின் எல்லை. நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில்தான் விகாரம் நிகழும் என்று புணர்ச்சியியல் பயின்ற நமக்கு இது அந்நியமான கருத்தன்று.

எல்லையில்தான் ஆற்றலென்றால் எல்லையைப் பெருக்க வேண்டும். 1992இல் சாரிச்சிஃப்ட்சி, ஹீகர் முதலியோர், பாலிமரிலிருந்து ஃபுல்லரீன் என்னும் கார்பன் பந்துக்கு எலக்ட்ரான் மிக விரைவாகத் தாவுவதைக் கண்டனர். 1995இல் ஹீகர் குழுவினர் அவ்விரண்டையும் அடுக்காமல் ஒரே கரைசலில் கலந்து பூசினர். படலம் முழுவதும் எல்லையாயிற்று.

அடுத்த பத்தாண்டு ஏறத்தாழச் சமையல் பக்குவத்தின் கதை. 2001இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் குழு, கரைப்பானை டொலுயீனிலிருந்து குளோரோபென்சீனுக்கு மாற்றியது, திறன் 0.9இலிருந்து 2.5 விழுக்காடாயிற்று. பொருள்கள் அவையே, கலந்த விதமே வேறு. 2005இல் படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்திய ஒரு குழு 5 விழுக்காட்டைத் தொட்டது. மெதுவாக உலரவிட்ட மற்றொரு குழு 4.4 விழுக்காடு பெற்றது. பின்னர் சீன ஆய்வாளர்கள் ஃபுல்லரீனையே கைவிட்டுப் புதிய மூலக்கூறுகளைப் படைத்தனர். அவற்றுள் ஒன்று 2019இல் 15.7 விழுக்காடு தந்தது. இன்று ஆய்வகக் கலங்கள் 20 விழுக்காட்டை எட்டியுள்ளன.

ஆயினும் அவை பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ளவை. 2001இல் அமெரிக்காவின் லோவல் நகரில் இத்துறைக்கென ஒரு நிறுவனம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவராகக் கருதப்படும் இந்தியாவில் பிறந்த சுகந்த் திரிபாதி, அது தொடங்குமுன்பே, 2000ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். ஒடிசாவின் சூரியன் கோயிலை நினைந்து அதற்குக் கோனார்க்கா என்று பெயரிட்டிருந்தனர். 2012இல் அது திவாலாயிற்று. சிலிக்கனின் விலைச் சரிவோடு போட்டியிட அதனால் இயலவில்லை; கரிமப் படலத்தின் குறைந்த ஆயுளும் தடையாயிற்று.

ஆயுள் என்பதே இன்றைய கேள்வி. எளிய கணக்கு ஒன்று போடுவோம். 20 விழுக்காட்டுக் கலம் இரண்டாண்டில் செத்துப்போனால் அதன் மொத்தப் பயன் 40 பங்கு. 5 விழுக்காட்டுக் கலம் இருபதாண்டு உழைத்தால் 100 பங்கு. நாளிதழ்களில் வரும் சாதனை எண்களைப் படிக்கும்போது, எத்தனை விழுக்காடு என்பதோடு எத்தனை ஆண்டு என்றும் கேட்கப் பழக வேண்டும். கடத்தூர்க் கூரையின் சித்திரை வெயிலில் ஈரமும் உயிர்வாயுவும் புற ஊதாக் கதிரும் அப்படலத்தைத் தின்றபடியே இருக்கும்.

இலை இதே வெயிலில் எப்படி நிற்கிறது? அதன் மூலக்கூறுகள் உறுதியானவை என்பதால் அன்று. ஒளியை ஏற்கும் அமைப்பில் டி-1 என்னும் புரதம் ஓயாமல் சிதைகிறது. இலை அதை ஓயாமல் புதிதாகச் செய்து மாற்றிக்கொள்கிறது. கொடியில் இருக்கும்வரை வெற்றிலைக்கு அந்த வல்லமை உண்டு; பறித்துக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அது வாடத்தான் செய்யும். மனிதர் செய்த சாயப்படலம் இன்னும் பறித்த இலையாகவே இருக்கிறது. ஒளியை மின்சாரமாக்கும் வித்தையை இலையிடமிருந்து ஓரளவு கற்றுவிட்டோம். தன்னைத் தானே புதுக்கிக்கொள்ளும் வித்தைதான் இன்னும் கைவரவில்லை.