அரங்கிலிருந்து அரசவைக்கு

கண்டி மாநகருக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவைக் குகை விகாரையின் சுவரோவியங்களை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னன் காலத்தில், 1771 அளவில், அவ்விகாரைப் பணி தொடங்கிற்று. அங்கே பண்டைச் சாதகக் கதைகளின் மாந்தர் கண்டி நாட்டு உடையுடனும் படைக்கலங்களுடனும் காட்சி தருகின்றனர்.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால் சென்னையில், கோலம் வரைவதில் கைதேர்ந்த ஆங்கில ஓவியர் ஒருவர் பணியாற்றினார். டிலி கெற்றில் என்பது அவர் பெயர். 1735 இல் இலண்டனில் பிறந்தவர் அவர். நடிகரை அவர்தம் வேடத்திலேயே வரைவது அந்நகரில் அந்நாளில் பெருவழக்கு. 'சீனத்து அநாதை' என்னும் நாடகத்தில் மண்டேனாக நடித்த யேற்ஸ் அம்மையாரைக் கெற்றில் 1765 அளவில் தீட்டினார். உடையும் நிலையும் கையசைவும் கொண்டே பாத்திரத்தை உணர்த்துவது இவ்வகை ஓவியத்தின் உயிர்நிலை.

அக்கலையோடு அவர் 1769 இல் சென்னை வந்தார். மறு ஆண்டு ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவை வரைந்தார். நவாபோ கும்பனியாரின் படைவலியை நம்பியிருந்தவர். ஆங்கிலேயர் பலரிடம் பெருங்கடன் பட்டவர். ஆட்சி கைநழுவிக்கொண்டிருந்தவருக்கு அரச கோலம் இன்றியமையாததாயிற்று. அரங்கில் பயின்ற தூரிகை அரசவைக்கும் பயன்பட்டது. பின்னர்க் கெற்றில் கல்கத்தாவுக்குச் சென்றார். 1772 இல் பைசாபாத்தில் அயோத்தி நவாபு சுஜா உத்தௌலாவையும் தீட்டினார். 1776 இல் தாயகம் திரும்பியவரை வறுமை வாட்டியது. மீண்டும் இந்தியாவை நாடித் தரைவழியே புறப்பட்டவர், 1786 இல் வழியிலேயே உயிர்நீத்தார்.

கண்டி மன்னனும் கோலத்தின் ஆற்றலை அறியாதவனல்லன். 1762 இல் சென்னையிலிருந்து தூது வந்த ஜோன் பைபஸ், அவன் கொலுமுன் முழந்தாளிட நேர்ந்தது. நாயக்கர் வழிவந்த அம்மன்னன் பௌத்த சமயத்தின் காவலனாகத் தம்புள்ளைக் குகையில் தன் உருவச்சிலையை நிறுவினான். குடிகள் தன்னை எவ்வாறு காணவேண்டும் என்பதை அச்சிலையே சொல்லிற்று.

ஆர்க்காட்டு ஆட்சி 1801 இலும் கண்டி அரசு 1815 இலும் ஆங்கிலேயர் வசமாயின. அரசுகள் அழிந்தன, கோலங்கள் எஞ்சின. ஆதலின், மன்னர் ஒருவரின் படத்தைக் காணும்போது, அவர் எவ்வாறு இருந்தார் என்று மட்டுமன்றி, எவ்வாறு தோன்ற விரும்பினார், யார் கண்ணுக்காகத் தோன்றினார் என்றும் வினவுதல் வேண்டும். நாடக ஓவியரின் வாழ்க்கை வரலாற்று மாணவருக்கு உணர்த்தும் பாடம் இதுவே.