எஃப்.எம். ரேடியோவில் மேயரைக் கேள்வி கேட்க முடியாதது ஏன்?

கனமழை பெய்த மறுநாள் காலை எஃப்.எம். போட்டால் ஆர்.ஜே. என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, எந்த ரோட்டைத் தவிர்க்கலாம், அடுத்து ஒரு மழைப் பாட்டு. மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆச்சு என்று மேயரை லைனில் எடுத்து விவாதம் நடத்த மாட்டார். தைரியம் இல்லாமல் இல்லை. செய்தியும் நடப்பு அரசியலும் பேச அவருடைய நிலையத்துக்கு அனுமதி கிடையாது.

இந்தியாவில் செய்தி சேனல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. யூடியூபில் யார் வேண்டுமானாலும் அரசியல் பேசலாம். தனியார் வானொலிக்கு மட்டும் இன்னும் பூட்டு.

விதி என்ன சொல்கிறது?

நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001-ல் பெங்களூரில் தொடங்கியது. பாட்டு, சினிமா, அரட்டை எல்லாம் ஓகே, செய்தி மட்டும் வேண்டாம் என்பதுதான் அப்போதிருந்தே நிபந்தனை. 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை கொஞ்சம் இறங்கி வந்தது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை, ஒரு வார்த்தைகூட மாற்றாமல், அப்படியே ஒலிபரப்பலாம். அதோடு சில விஷயங்கள் ‘செய்தி அல்ல’ என்று வகைப்படுத்தப்பட்டன: டிராஃபிக், வானிலை, விளையாட்டு நிகழ்வுகள், திருவிழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர் அறிவிப்புகள். பிளஸ் டூ ரிசல்ட்டை எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடும். வானொலிக்கு மட்டும் அது செய்தி இல்லையாம்.

குடிநீர் அறிவிப்பு விஷயத்தைக் கவனியுங்கள். நாளைக்குத் தண்ணீர் வராது என்று நிர்வாகம் சொல்வதை ஆர்.ஜே. வாசிக்கலாம். ஏன் வராது, யார் பொறுப்பு என்று விவாதிக்கத் தொடங்கினால் அது நடப்பு அரசியல் ஆகிவிடும்.

சமுதாய வானொலிக்கும் செய்தி கிடையாது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-ல் வந்தது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குள் இருக்கும் மக்களுக்காகவே நடக்கிற நிலையங்கள் இவை. அந்த ஊர் பஞ்சாயத்து பற்றிய செய்தியைச் சொல்ல மிகப் பொருத்தமான இடத்தில்தான் அது தடை.

பக்கத்து நாடுகளைப் பார்த்தால் இது இன்னும் விநோதமாகத் தெரியும். நேபாளத்தில் 1997-ல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா என்ற சமுதாய வானொலி செய்தி சொல்கிறது. இலங்கையில் சக்தி எஃப்.எம்., சூரியன் எஃப்.எம். போன்ற தனியார் தமிழ் வானொலிகளும் சொல்கின்றன.

அனுமதி இருந்தால் என்ன நடக்கும்?

நியூயார்க்கில் டபிள்யூ.என்.ஒய்.சி. என்று ஒரு பொது வானொலி நிலையம். அதில் பிரையன் லேரர் என்பவர் 1989 முதல் பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறார். வார நாட்களில் காலை 10 முதல் 12 மணி வரை. கூச்சல் கிடையாது, எட்டுப் பேரை ஒரே திரையில் உட்கார வைத்து மோதவிடும் டிவி விவாதமும் இல்லை. ஒரு விருந்தினர், ஒரு விஷயம், பிறகு நேயர்களின் போன். வாடகை, சப்வே, பள்ளிக்கூடம், தேர்தல், புதிதாக வந்த ஒரு நாவல் என்று எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் வரும். இந்த நிகழ்ச்சி பீபாடி விருதும் வாங்கியிருக்கிறது.

அதில் ஒரு பகுதி நம் கதைக்கு முக்கியம். பில் டி பிளாசியோ மேயராக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் ‘மேயரிடம் கேளுங்கள்’ என்று ஒரு பகுதி வந்தது. என் தெருவில் குப்பை அள்ளவில்லை, என் அரசுக் குடியிருப்பில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று யாரோ ஒருவர் போன் போட்டுச் சொல்லலாம். மேயர் நேரலையில் பதில் சொல்ல வேண்டும். மழுப்பினால் நகரமே கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்து வந்த எரிக் ஆடம்ஸ் அந்த வாராந்திர வழக்கத்தைத் தொடரவில்லை. அப்படி வந்து உட்காரச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று அதே நிகழ்ச்சியில் பேசுவார்கள், அவ்வளவுதான்.

2007-ல் நேயர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: உங்கள் தெருவில் எத்தனை எஸ்.யு.வி. கார் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். இன்னொரு முறை, பக்கத்துக் கடையில் பால், கீரை, பீர் என்ன விலை என்று கேட்டார்கள். ஒரே நகரத்தில் விலை எப்படியெல்லாம் மாறுகிறது என்று தெரிந்தது. ரிப்போர்ட்டர் ஒருவர் தனியாகச் சுற்றினால் பல வாரம் பிடிக்கும் வேலை அது.

அந்த நிலையம் 1924-ல் நகர நிர்வாகத்தின் சொந்த வானொலியாகத்தான் பிறந்தது. 1945-ல் பத்திரிகை விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அன்றைய மேயர் லா கார்டியா அதில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு காமிக்ஸ் வாசித்துக் காட்டினார். 1990-களில் நகரம் அதை ஓர் அறக்கட்டளைக்கு விற்றது. இன்று அதன் முதுகெலும்பு நேயர்களின் நன்கொடை. மேயரைக் கேள்வி கேட்கும் நிலையத்துக்குச் சம்பளம் கொடுப்பது மேயர் இல்லை என்பது சின்ன விஷயம் அல்ல.

அங்கேயும் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்தது. பெரிய நகர நிலையங்கள் நன்கொடையில் சமாளிக்கலாம். கூட்டாட்சிப் பணத்தை அதிகம் நம்பியிருந்த கிராமப்புறச் சின்ன நிலையங்களுக்குத்தான் பெரிய அடி.

அகில இந்திய வானொலி இதைச் செய்யலாமே?

பொது வானொலி என்றால் நம்மிடம் இருப்பது அதுதான். பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் 1997-ல் வந்தது. மருத்துவர், வேளாண் அதிகாரி ஆகியோருடன் போன்-இன் நிகழ்ச்சிகள் அதில் உண்டு, அரசியல் விவாதங்களும் உண்டு. ஆனால் அதன் ஒலிபரப்பு விதித்தொகுப்பு ஒரு அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது என்கிறது. மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையோடு விமர்சிக்கவும் கூடாது. எது விமர்சனம், எது ‘பகைமையான’ விமர்சனம்? கோபமாகப் போன் போடும் நேயருக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்லிக் கொடுப்பது? பிரதமர் 2014 அக்டோபரிலிருந்து ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பேசி வருகிறார். கடிதம், செய்தி அனுப்பலாம். நேரலையில் மறுகேள்வி கேட்கிற அமைப்பு அது இல்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அது அரசின் ஏகபோகம் ஆக முடியாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிரிக்கெட் போட்டி ஒளிபரப்பு தொடர்பான வழக்கு அது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் காமன் காஸ் அமைப்பு வானொலிச் செய்தித் தடைக்கு எதிராக 2013-ல் உச்ச நீதிமன்றம் போனது. அரசின் பதில்: பாதுகாப்பு ஆபத்து, இத்தனை நிலையங்கள் சொல்வதைக் கண்காணிக்க வசதி இல்லை.

என் பார்வையில் இந்த வாதம் பலவீனமானது. டிவி சேனல்களைக் கண்காணிக்க தில்லியில் 2008-லிருந்து தனி மையமே இயங்குகிறது. வதந்தி பரவுவதுதான் பயம் என்றால், உரிமம், முகவரி, பெயர் தெரிந்த ஆசிரியர் எல்லாம் உள்ள ஒரு நிலையத்தைவிட வாட்ஸ்அப் ஃபார்வேர்டுதான் பிடிபடாமல் ஓடுகிறது.

பாட்காஸ்ட் இருக்கும்போது ரேடியோ எதற்கு?

நியாயமான கேள்வி. பாட்காஸ்டை நீங்கள் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அதன் நேயர்கள் ஊர் ஊராகச் சிதறியிருப்பார்கள். ஒரு வார்டு கவுன்சிலருக்கு அவர்களைப் பார்த்துப் பயம் வராது. எஃப்.எம். எல்லை ஒரு நகரம்தான். டேட்டா வேண்டாம். டீக்கடையில், ஆட்டோவில், தையல் கடையில் ஒரே நேரத்தில் ஓடும். வெள்ளத்தில் செல்போன் டவர் விழுந்தாலும் பேட்டரி ரேடியோ பாடும்.

இப்போது நிலைமை என்ன?

2023 செப்டம்பரில் ட்ராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் செய்தியும் நடப்பு நிகழ்ச்சியும் நடத்தலாம், ஆனால் மணிக்கு 10 நிமிடம் மட்டும். அகில இந்திய வானொலியின் விதித்தொகுப்பு இவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது கூடவே வந்த நிபந்தனை. அதாவது மேலே சொன்ன ‘பகைமையான விமர்சனம்’ சிக்கல் தனியாருக்கும் வரும். மேயர் வணக்கம் சொல்லி, இரண்டு பேர் போன் போட்டு, நடுவில் விளம்பரம் வந்தால் அந்த 10 நிமிடம் முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டு, 2024 ஆகஸ்டில், 234 நகரங்களில் 730 புதிய எஃப்.எம். சேனல்களை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. மேயரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிடும் உரிமை அதில் சேர்த்தியா என்பதற்கு ட்ராய் பரிந்துரை மீதான முடிவுதான் பதில் சொல்ல வேண்டும்.